தேவதைகளின் பங்கு

என் வீட்டு பேஸ்மென்டில் 31 பர்பன் புட்டிகள் இருக்கின்றன. பக்கத்தில் ஒரு கோடு போட்ட நோட்டு. ஒவ்வொரு புட்டியும் என்றைக்கு வாங்கியது, என்றைக்குத் திறந்தது, முகர்ந்தால் என்ன, நாக்கில் என்ன, விழுங்கியபின் என்ன என்று எழுதி வைத்திருக்கிறேன். சனிக்கிழமை சாயங்காலம் நான்கு சிறிய கண்ணாடிக் கிண்ணங்களை வரிசையாக வைத்து நான்கு விஸ்கிகளை ஒப்பிட்டுப் பார்ப்பேன். கிண்ணத்துக்கு 15 மில்லி, அதற்கு மேல் இல்லை. ஊரிலிருந்து வருபவர்கள், "நீங்க குடிப்பீங்களா?" என்று தயங்கிக் கேட்டால், "குடிக்கிறதில்ல, சுவைச்சுப் பார்ப்பேன்" என்பேன். பல வருடங்களாகச் சொல்லிவரும் பதில். அது உண்மைதானா என்பதே இந்தக் கட்டுரையின் கேள்வி.

கென்டக்கி மாநிலத்தின் லூயிவில் நகரில் வசிக்கிறேன். இங்கே பர்பனைத் தவிர்த்து வாழ்வது விருதுநகரில் எண்ணெய் வாசனையைத் தவிர்த்து வாழ்வதைப் போன்றது. சட்டம் பர்பனுக்குத் தெளிவான இலக்கணம் வகுத்திருக்கிறது. தானியத்தில் குறைந்தது 51 சதவீதம் மக்காச்சோளம். வடித்தெடுக்கும்போது சாராயத்தின் அளவு 80 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. உட்புறத்தைத் தீயில் கருக்கிய புத்தம் புதிய ஓக் பீப்பாயில் ஊற வேண்டும், பீப்பாய்க்குள் போகும்போது 62.5 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது. தண்ணீரைத் தவிர வேறெதையும் சேர்க்க முடியாது. நிறம் முழுக்க அந்தக் கருகிய மரம் தருவது. வெனிலா வாசனையும் வெனிலாவிலிருந்து வருவதில்லை, ஓக் மரத்தின் நாரிலிருந்து வருகிறது. மக்காச்சோளத்தோடு இரண்டாவது தானியமாக ரை சேர்த்தால் மிளகு, கிராம்பின் காரம் தெரியும். கோதுமை சேர்த்தால் ரொட்டியின் மென்மை. இதையெல்லாம் தெரிந்துகொண்டு குடிப்பது தெரியாமல் குடிப்பதைவிட மேலானது என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

எனக்குப் பக்கபலமாகப் பெரிய ஆட்களும் இருந்தார்கள். டேவிட் ஹ்யூம் 1757இல் வெளியிட்ட, ரசனையின் அளவுகோல் பற்றிய கட்டுரையில், 'டான் கிஹோத்தே' நாவலிலிருந்து ஒரு கதையை எடுத்தாள்கிறார். சாஞ்சோ பான்சாவின் உறவினர்கள் இருவரிடம் ஒரு பீப்பாய் ஒயினைக் கொடுத்து அபிப்பிராயம் கேட்கிறார்கள். ஒருவர், நல்ல ஒயின்தான், ஆனால் லேசாகத் தோல் வாடை அடிக்கிறது என்கிறார். மற்றவர், நல்லதுதான், ஆனால் இரும்பு ருசி தட்டுகிறது என்கிறார். ஊரே சிரிக்கிறது. பீப்பாய் காலியானதும் பார்த்தால், அடியில் தோல்வாரில் கட்டிய பழைய சாவி ஒன்று கிடக்கிறது. ருசி என்பது வெறும் தற்பெருமை இல்லை, பொருளுக்குள் உண்மையிலேயே ஒன்று இருக்கிறது, பழகிய நாக்கு அதைக் கண்டுபிடிக்கும் என்பதற்கு ஹ்யூம் இந்தக் கதையைச் சொல்கிறார். நான் இதைப் பல விருந்துகளில் சொல்லியிருக்கிறேன். சொல்லும்போதெல்லாம் என் அப்பாவுக்கும் எனக்கும் நடுவே ஒரு கோடு கிழித்துக்கொண்டிருந்தேன் என்பது பிறகுதான் புரிந்தது.

அப்பா விருதுநகரில் ஒரு எண்ணெய் மண்டியில் வேலை பார்த்தவர். தினமும் குடித்தார். கல்லீரல் கெட்டு 58 வயதில் போய்ச் சேர்ந்தார். மற்றதை விவரிக்கப் போவதில்லை. குடிக்கிற வீட்டில் வளர்ந்தவர்களுக்கு விவரம் தேவையில்லை, வளராதவர்களுக்கு விவரித்தும் பயனில்லை. குடிக்கவே மாட்டேன் என்று இருந்தவன் 36 வயதில் அலுவலக நண்பர் வீட்டில் முதல் கிண்ணத்தைத் தொட்டேன். அப்பா குடித்தது வெறி, நான் குடிப்பது அறிவு. இதுதான் அந்தக் கோடு.

போன அக்டோபரில் அம்மா ஆறு மாதம் தங்குவதற்காக வந்தார். துணி துவைக்கும் இயந்திரம் பேஸ்மென்டில்தான் இருக்கிறது. வந்த இரண்டாம் நாளே அலமாரியைப் பார்த்திருக்கிறார், ஒன்றும் சொல்லவில்லை. அதன்பின் தன் சேலைகளைக் குளியலறையிலேயே கையால் அலசிக் காயப்போட ஆரம்பித்தார். மிஷினில் போட்டால் சேலை கெட்டுவிடும் என்று நினைக்கிறார் போலும் என்று எண்ணிக்கொண்டேன். மூன்று வாரம் கழித்து ஒரு காலையில், தோசைக்குச் சட்னி அரைத்துக்கொண்டே கேட்டார்.

"ஏய்யா, கீழ இருக்கிறது பூரா ஒன்னோடதா?"

விளக்கினேன். இது பொழுதுபோக்கு, தபால்தலை சேர்ப்பது மாதிரி. கொஞ்சமாக ஊற்றி, முகர்ந்து, ருசியைக் கண்டுபிடித்து எழுதி வைப்பேன். அப்பா மாதிரி இல்லை. ருசி தெரிந்து குடிப்பது வேறு, போதைக்குக் குடிப்பது வேறு.

அம்மா மிக்ஸியை நிறுத்திவிட்டுச் சொன்னார்: "ஒங்கப்பாவும் ருசி தெரிஞ்சுதான்யா குடிச்சாரு. உள்ளங்கையில ஒரு சொட்டு நல்லெண்ணெய விட்டுத் தேய்ச்சு மோந்தா, எள்ளு பழசா புதுசான்னு சொல்லிருவாரு. மொதலாளியே அவரக் கூப்பிட்டுத்தான் கேப்பாரு. பிராந்தியும் கண்டதக் குடிக்க மாட்டாரு. இதுல எசென்ஸ் வாடை அடிக்குதுன்னு பாட்டிலத் திருப்பிக் குடுத்து விட்ருக்காரு. நாக்கு இருந்துச்சு அவருக்கு. நாக்கு இருந்து என்ன செய்ய?"

அந்த நாளை என்னால் லேசில் கடக்க முடியவில்லை. அப்பா சொன்னது சரியாகத்தான் இருந்திருக்கும். நம் ஊரில் பிராந்தி, விஸ்கி என்று விற்கப்படுபவற்றில் பெரும்பகுதி கரும்பாலைக் கழிவுப் பாகிலிருந்து வடித்த சாராயத்தில் வாசனையும் நிறமும் சேர்த்தவை. அதை ஒரு மண்டி ஊழியர் முகர்ந்தே கண்டுபிடித்திருக்கிறார். என் நாக்கு எங்கிருந்து வந்தது என்று நான் யோசித்ததே இல்லை. அதை அமெரிக்காவில் சம்பாதித்ததாக நினைத்திருந்தேன்.

இங்கே என் வாதத்தின் முதல் கால் உடைகிறது. ருசியறிவு ஒரு திறமை. கணக்கு வருவது, நன்றாகப் பாடுவது போல. திறமை ஒருவரை நல்லவராக்குவதில்லை, காப்பாற்றுவதும் இல்லை. அதனால் 'ருசி தெரிந்து குடிக்கிறேன்' என்பது என்னைப் பற்றிய ஒரு தகவல் மட்டும்தான். அதை நான் நற்சான்றிதழாகப் பயன்படுத்திக்கொண்டிருந்தேன்.

இரண்டாவது கால் ஜனவரியில் உடைந்தது. அந்தச் சனிக்கிழமை பனி கொட்டியதால் நண்பர்கள் வரவில்லை. என் மனைவிக்கு மருத்துவமனையில் இரவுப் பணி. ஒப்பீட்டை நியாயமாகச் செய்ய வேண்டுமென்றால் எந்தக் கிண்ணத்தில் எது இருக்கிறது என்று சுவைப்பவருக்குத் தெரியக் கூடாது, வேறொருவர் ஊற்ற வேண்டும். யோசிக்காமல் அம்மாவிடம் கேட்டேன். கேட்டபின்தான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். அம்மா சற்று நேரம் பார்த்துவிட்டு, "எடுத்து வையி" என்றார்.

நான்கு புட்டிகள். வெல்லர் 12, மேக்கர்ஸ் மார்க், பஃபலோ டிரேஸ், எவன் வில்லியம்ஸ் வெள்ளை லேபிள். முதலாவதை வாங்குவதற்காகக் குளிரில் விடியற்காலை வரிசையில் நின்றிருந்தேன். கடைசியது 20 டாலருக்கும் குறைவாக வாங்கியது. நான் மாடிக்குப் போய்ப் பத்து நிமிடம் கழித்து வந்தேன். கிண்ணங்களின் அடியில் அம்மா துண்டுச்சீட்டு ஒட்டி வைத்திருந்தார். அளவு குப்பி பெட்டியை விட்டு வெளியே வரவே இல்லை. ஆனால் நான்கு கிண்ணங்களிலும் ஒரே மட்டம், ஒரு மயிரிழை கூடக் குறைய நிறைய இல்லை.

"எப்படிம்மா?"

"இருவது வருசம் ஊத்திக் குடுத்திருக்கேன்ல. கடைக்குப் போனா விழுந்து கெடப்பாருன்னு வீட்லயே வாங்கி வச்சு நாந்தான் அளந்து ஊத்துவேன். ஒரு சொட்டு கொறஞ்சாலும் கண்டுபிடிச்சிருவாரு."

எனக்குத் தெரியாது. நாங்கள் தூங்கியபின் நடந்திருக்கிறது. அதன்பின்னும் நான் உட்கார்ந்து சுவைத்தேன் என்பதை மறைக்கப் போவதில்லை. வேறென்ன செய்வது என்று தெரியாமல் நோட்டைத் திறந்து எழுதினேன். முதல் கிண்ணம்: கருகிய சர்க்கரை, செர்ரி, முடிவில் பழைய தோல், நீண்டு நிற்கிறது, 9 மதிப்பெண். நான்காவது: தட்டை, பச்சை மர வாடை, சீக்கிரம் மறைகிறது, 6. நடுவில் உள்ள இரண்டும் எட்டும் ஏழும். சீட்டைப் புரட்டினேன். முதலாவதும் நான்காவதும் ஒன்றே. இரண்டும் வெல்லர். மேக்கர்ஸ் மார்க்கை அம்மா ஊற்றவே இல்லை.

"கண்டுபிடிக்கிறியான்னு பாத்தேன்யா" என்றார். கேலி இல்லை அந்தக் குரலில். அதுதான் கஷ்டமாக இருந்தது.

முதல் கிண்ணத்தில் நாக்கு புதிது, நான்காவதில் சாராயம் பட்டு மரத்துப்போயிருக்கும் என்று எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அது பொய்யில்லை, எந்த ஒப்பீட்டிலும் வரிசைக்கு ஒரு பங்கு உண்டு. ஆனால் அந்தப் பழைய தோலும் பச்சை மரமும் எங்கிருந்து வந்தன? ஹ்யூமின் பீப்பாயில் சாவி இருந்தது. என் கிண்ணத்தில் நான்தான் சாவியைப் போட்டு நானே எடுத்திருக்கிறேன்.

பர்பனின் வரலாறே இந்தச் சிக்கலைச் சுற்றி வந்ததுதான். பத்தொன்பதாம் நூற்றாண்டில் வெறும் சாராயத்தில் சாயமும் வாசனையும் கலந்து பழைய விஸ்கி என்று விற்றார்கள். அதைத் தடுக்க 1897இல் ஒரு சட்டம் வந்தது. ஒரே வடிசாலையில், ஒரே பருவத்தில் வடித்து, அரசாங்கக் கண்காணிப்பில் குறைந்தது 4 ஆண்டுகள் ஊறவைத்து, 50 சதவீதத்தில் அடைத்தால்தான் அந்த முத்திரை கிடைக்கும். நான் மட்டமாக நினைத்த எவன் வில்லியம்ஸ் வெள்ளை லேபிள் அந்த முத்திரை உள்ளது. மறுபக்கம், எலைஜா கிரெய்க் என்ற பாதிரியார்தான் கருக்கிய பீப்பாயில் பர்பனை முதலில் ஊறவைத்தார் என்ற கதை ஊரெங்கும் சொல்லப்படுகிறது. அதற்கு ஆதாரமில்லை என்கிறார்கள் வரலாற்றாசிரியர்கள். பக்கத்து டென்னசியில் ஜாக் டேனியலுக்கு வடிக்கக் கற்றுக்கொடுத்தவர் நியரெஸ்ட் கிரீன் என்ற கறுப்பின அடிமை. அந்த நிறுவனம் 2016இல்தான் அவர் பெயரை உரக்கச் சொல்லத் தொடங்கியது. லேபிளில் இருந்த கதையைக் குடித்தோம், இல்லாத கதையை விட்டுவிட்டோம். நான் குடித்த கதைகளில் ஒன்று என்னைப் பற்றியது.

சரி, ருசியும் காப்பாற்றாது, நாக்கும் நம்பத்தக்கதில்லை என்றால் அப்பாவுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்? கட்டுப்பாடு என்று சொல்ல ஆசை. ஆனால் அதையும் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. எனக்கு ஒரு பேஸ்மென்ட் இருக்கிறது. வாரம் இரண்டு நாள் விடுமுறை, உடம்புக்குக் காப்பீடு. மண்டியில் மூட்டைகளுக்கு நடுவே பன்னிரண்டு மணிநேரம் நின்றவருக்கு இவை எதுவும் இல்லை. டாஸ்மாக் வாசலில் நின்றபடி ஒரு குவார்ட்டரை மடமடவென்று ஊற்றிக்கொண்டு ஊறுகாயை நக்குகிறவரைப் பார்த்து நாம் முகம் சுளிக்கிறோம். உட்கார்ந்து நிதானமாகக் குடிக்க அவருக்கு இடமும் இல்லை, நேரமும் இல்லை, மானமும் இல்லாமல் செய்துவிட்டோம். அதே திரவத்தை நான் கண்ணாடிக் கிண்ணத்தில் ஊற்றினால் அது கலாசாரம். என் கட்டுப்பாட்டில் எவ்வளவு என் குணம், எவ்வளவு என் சம்பளம் என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

நம் மரபிலும் இரண்டு குரல்கள் உண்டு. வள்ளுவர் கள்ளுண்ணாமைக்கு ஓர் அதிகாரமே ஒதுக்கினார். புறநானூற்றில் அதியமான் இறந்தபின் ஔவை புலம்பும்போது அவர் நினைவுக்கு முதலில் வருவது கள்தான். கொஞ்சமாகக் கிடைத்தால் தனக்கே கொடுத்துவிடுவான், நிறையக் கிடைத்தால் தன்னைப் பாடவைத்துத் தானும் உண்பான் என்கிறார். முன்பெல்லாம் இந்த இரண்டும் முரண் என்று நினைப்பேன். இப்போது அப்படித் தோன்றவில்லை. ஔவை அங்கே கள்ளின் ருசியைப் பற்றிப் பேசவே இல்லை. அது யார் கைக்குப் போனது என்பதைப் பேசுகிறார்.

யார் கைக்குப் போனது, யார் கையிலிருந்து போனது. எனக்கு வேண்டிய கேள்வி இங்கேதான் இருக்கிறது.

பீப்பாயில் ஊறும் விஸ்கியில் ஆண்டுதோறும் சில சதவீதம் ஆவியாகிப் போகும். அதற்கு இங்கே 'தேவதைகளின் பங்கு' என்று பெயர். கிடங்குகளைச் சுற்றிக் காட்டுபவர்கள் இதைச் சொல்லும்போது எல்லோரும் புன்னகைப்பார்கள், நானும் புன்னகைத்திருக்கிறேன். ஆனால் அந்த ஆவி தேவதைகளிடம் போவதில்லை. அதைத் தின்று வளரும் ஒரு கருப்புப் பூஞ்சை இருக்கிறது, பௌடோயினியா என்று பெயர். கிடங்குகளுக்கு அக்கம்பக்கத்து வீட்டுச் சுவர், கூரை, வேலி, மரத்தின் பட்டை, நிறுத்தி வைத்த கார் எல்லாவற்றிலும் கரி பூசியதுபோலப் படியும். தேய்த்துக் கழுவினாலும் திரும்ப வரும். லூயிவிலை ஒட்டியுள்ள ஷைவ்லியில் அப்படிப்பட்ட வீடுகளைப் பார்த்திருக்கிறேன். வழக்குப் போட்டவர்களும் உண்டு. அந்த வீடுகளில் இருப்பவர்கள் ஒரு சொட்டு பர்பன் குடிக்காதவர்களாகவும் இருக்கலாம்.

எந்த இன்பத்திலும் இப்படி ஆவியாகிப் போகிற ஒரு பங்கு இருக்கிறது என்று நினைக்கிறேன். அனுபவிப்பவர் கண்ணுக்கு அது தெரியாது. யாரோ ஒருவருடைய சுவரில் படியும். அப்பாவின் பங்கு அம்மாவின் மேல் படிந்தது. இருபது வருடம் ஒரு சொட்டுப் பிசகாமல் ஊற்றப் பழகிய கை அது. என்னுடையது? வெல்லருக்காக வரிசையில் நின்ற அன்று மகளுக்கு நீச்சல் போட்டி. நான் போய்ச் சேர்ந்தபோது அவளுடைய முதல் சுற்று முடிந்து தலையைத் துவட்டிக்கொண்டிருந்தாள். "பரவால்லப்பா, நான் அஞ்சாவதுதான் வந்தேன்" என்றாள். காரின் பின்சீட்டில் புட்டி இருந்தது. அம்மாவோ மூன்று வாரம் சேலையைக் கையால் அலசிக்கொண்டிருந்தார். ஒரு கிண்ணத்தில் கிராம்பும் தோலும் ஆரஞ்சுத் தோலியும் பிரித்தறிகிற எனக்கு, என் வீட்டில் ஒருவர் ஓர் அறைக்குள் போகப் பயப்படுகிறார் என்பது தெரியவில்லை. அப்பாவுக்கும் இதேதான். எள்ளின் வயது தெரிந்தது, எதிரே நின்றவரின் முகம் தெரியவில்லை.

ஆகவே வித்தியாசம் இருக்கிறதா என்று கேட்டால், இருக்கிறது, ஆனால் அது அளவில்தான். அது நானே கொடுத்துக்கொள்ளக்கூடிய பட்டமும் இல்லை. பக்கத்துச் சுவரில் இருப்பவரிடம் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள முடியும். 'நான் யாருக்கும் தொந்தரவில்லாமல் குடிக்கிறேன்' என்று சொல்லும் தகுதி குடிப்பவருக்கு இல்லை.

பிப்ரவரியில் 40 நாள் தொடுவதில்லை என்று முடிவெடுத்தேன். விரதமென்றோ திருந்துவதென்றோ இல்லை, பார்ப்பதற்காக. முதல் வாரம் சிரமமில்லை. இரண்டாவது சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்குக் கால் தானாகப் படியிறங்கியது. அப்போது எனக்கு வேண்டியிருந்தது வெல்லரின் ருசியில்லை. எது கிடைத்தாலும் போதும் என்றிருந்தது. அந்த நேரம் வேண்டியிருந்தது, கிண்ணத்தைக் கையில் பிடித்ததும் தோள் இறங்குமே, அது வேண்டியிருந்தது. இத்தனை வருடம் நோட்டில் எழுதாத ருசி அதுதான். எழுதியிருந்தால் 31 புட்டிகளுக்கும் ஒரே குறிப்புதான் வந்திருக்கும்.

40 நாள் முடித்தேன். பிறகு மறுபடி தொட்டேன், இதையும் சொல்லிவிட வேண்டும். எந்த அளவும் உடம்புக்குப் பாதுகாப்பானதில்லை என்று உலக சுகாதார நிறுவனத்தின் ஐரோப்பியப் பிரிவு 2023இல் சொல்லிவிட்டது, அது எனக்குத் தெரியும். குடிப்பழக்கம் ரத்தத்தில் வரும் வாய்ப்பு அதிகம் என்பதும் தெரியும். இருந்தும் ஒரு நல்ல பர்பன் நல்ல பர்பன்தான், அந்த இன்பம் பொய் என்று சொன்னால் நான் இன்னொரு பொய் சொன்னவனாவேன். புதிதாக வாங்குவதை நிறுத்தியிருக்கிறேன். சனிக்கிழமை மாலை மகளோடு நீச்சல் குளத்துக்குப் போகிறேன், ஒப்பீடு மாதம் ஒருமுறை. அலமாரியைப் பேஸ்மென்டின் மறுகோடிக்கு நகர்த்திவிட்டேன். கிளம்புவதற்கு முந்தின வாரம் அம்மா சேலைகளை மிஷினில் போட்டார். அதைப் பற்றி இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

ஊருக்குப் போனபின் ஞாயிற்றுக்கிழமைகளில் தொலைபேசியில் கேட்பார்: "இந்த வாரம் எத்தன ஊத்துன?" பெரும்பாலும் "ஒண்ணுமில்லம்மா" என்பேன், அது உண்மையாகவே இருக்கும். போன மாதம் ஒருநாள் மூன்று. சொல்வதற்கு முன் "ரெண்டு" என்று வாய்வரைக்கும் வந்தது. அந்த ஒரு விநாடியை நோட்டில் தேதி போட்டு எழுதி வைத்தேன். பிறகு, "மூணும்மா" என்றேன். அந்தப் பக்கம் சற்று நேரம் சத்தமில்லை. "சரிய்யா, சாப்ட்டியா?" என்றார்.